கருவாட்டுக்கு சோலார் டிரையர் வேண்டுமா, வலைமேடை போதுமா?

வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கருவாடு போடுகிறவர்கள் மத்தியில் சோலார் டிரையர், அதாவது வெயில் சூட்டை மூடிய இடத்துக்குள் பிடித்து மீனைக் காயவைக்கிற சாதனம் பற்றிய பேச்சு இப்போது அடிக்கடி அடிபடுகிறது. ஏலத்தில் நெத்திலியும் காரப்பொடி மீனும் எடுத்து மொட்டை மாடியில் காயப்போடுகிற அக்காமார்கள் கேட்கிறார்கள். படிப்பை முடித்துவிட்டு, அம்மா போடுகிற கருவாட்டையே பாக்கெட் போட்டு விற்கலாம் என்று யோசிக்கிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா, அந்தக் காசில் வேறென்ன செய்யலாம், இதுதான் எல்லாருடைய கேள்வியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனைத் தரையிலிருந்து மேலே தூக்குவதை எல்லாரும் உடனே செய்ய வேண்டும், அதற்கு டிரையரே தேவையில்லை. அதற்கு மேல் எந்த டிரையர், எவ்வளவு பெரியது என்பதை உங்களிடம் கருவாட்டை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூட்டையாக எடுக்கிற வியாபாரிக்கே தொடர்ந்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால், விலை கூடின டிரையர் உங்கள் கையைக் கடிக்கும். ஏன் என்று கணக்கோடு கீழே வருகிறது.

முதலில் இப்போது நடப்பதைப் பார்ப்போம். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போனது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. இன்றைக்குப் பல குப்பங்களில் மணல் இருந்த இடத்தில் கருங்கல் கொட்டிய தடுப்பும், கடலுக்குள் நீட்டிக் கல் போட்ட தூண்டில் வளைவும்தான் இருக்கின்றன. காயப்போட இடம் இல்லாமல் தெருவுக்கும் சாலையோரத்துக்கும் வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் மறைக்க முடியாது. கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதி, எண்ணூர்ப் பக்கம் போனால் நிலக்கரித் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும், அப்புறம் ஈ, காக்கா, நாய். ஈரமான மீனில் ஒட்டிய தூசி காய்ந்த பிறகு தட்டினாலும் போகாது. கருவாடு வாயில் நறநறவென்று இருந்தால் வீட்டுக்காரர்கள் அடுத்த முறை அந்தக் கடைக்கே போக மாட்டார்கள்.

தரையில் போடுவதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. காற்று மேல்பக்கம் மட்டும்தான் படும், அடிப்பக்கம் ஈரமாகவே கிடக்கும், திருப்பிப் போடுகிற வரைக்கும் அந்த ஈரத்தில்தான் மீன் கெட ஆரம்பிக்கிறது. ஈ முட்டை வைப்பதும் பெரும்பாலும் முதல் நாளில், மீன் சொதசொதவென்று இருக்கும்போதுதான். அதனால் முதல் நான்கைந்து மணி நேரத்தில் மேல்ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் போக்குகிறோம் என்பதில்தான் புழு வருமா வராதா என்பது இருக்கிறது.

இதற்கு மிக மலிவான தீர்வு வலைமேடை. சவுக்குக் கம்போ பிவிசி குழாயோ நட்டு, இடுப்பு உயரத்தில் பழைய நைலான் வலையை இழுத்துக் கட்டி, நெத்திலி மாதிரி சின்ன மீனுக்கு அதன்மேல் சின்னக் கண்ணுள்ள வலையை விரித்துவிட்டால் போதும். மேலும் கீழும் காற்று போகும், தரைப் புழுதி பாதியாவது குறையும், நாய் எட்டாது. மீனுக்கு ஓர் அடி மேலே கொசுவலையைக் கூடாரம் மாதிரி கட்டிவிடுங்கள். மீனை ஒட்டிப் போர்த்தினால் பயனில்லை, ஈ வலைக்கு மேலே உட்கார்ந்தபடியே முட்டையை வைத்துவிடும். எறும்பு வராமல் இருக்கக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டப்பாக்களில் நிறுத்துவார்கள், அது இன்றைக்கும் நல்ல வழிதான். வாளை மாதிரி நீள மீனைக் கயிற்றில் தொங்கவிட்டால் இடமும் மிச்சம். இவ்வளவுக்கும் ஆகிற செலவு சில ஆயிரங்களில் முடிந்துவிடும், வலை பெரும்பாலும் வீட்டிலேயே கிடக்கும்.

இரும்புக் குழாயில் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். கடல் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும், துரு மீனில் ஒட்டும். டிரையர் வாங்கினாலும் இதே எச்சரிக்கைதான்: மீன் படுகிற தட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ உணவுக்குத் தகுந்த பிளாஸ்டிக் வலையாகவோ இருக்க வேண்டும்.

வலைமேடையால் முடியாதது என்ன? மேலே இருந்து விழுகிற சாம்பலைத் தடுக்காது. மழையைத் தடுக்காது. எல்லாவற்றையும் விட, கடலோரக் காற்றின் ஈரத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வடசென்னைக்கு எந்த டிரையர் சரி என்பதில் பாதி விஷயம் இந்த ஈரத்தில்தான் இருக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பச்சை மீனில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு தண்ணீர். இது 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பாக்டீரியா பெருகுவது நின்றுவிடும், 15 சதவீதத்துக்குக் கீழே போனால் பூஞ்சையும் வராது. உப்பு போட்ட மீனுக்கு இந்தக் கணக்கு சற்றுத் தளர்வு, உப்பே பாதி வேலையைச் செய்துவிடுவதால் கொஞ்சம் கூடுதல் ஈரம் இருந்தாலும் தாங்கும். ஆனால் உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். நம் கடற்கரையில் இரவு ஈரப்பதம் பெரும்பாலான மாதங்களில் அதற்கு மேலேதான். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த உப்புக் கருவாடு ராத்திரி திறந்தவெளியில் கிடந்தால் காலையில் தொட்டுப் பார்த்தால் பிசுபிசு என்று இருப்பது இதனால்தான். எனவே எந்த முறையில் காயவைத்தாலும் சாயங்காலம் வெயில் இறங்குவதற்குள் மீனை அள்ளி மூடி போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். பெரிய மீனாக இருந்தால் அடுக்கி மேலே பாரம் வைத்து மூடுங்கள், உள்ளே இருக்கிற ஈரம் ராத்திரியில் மெதுவாக மேல்பக்கம் வரும், மறுநாள் வெயிலில் போய்விடும்.

டிரையர் செய்கிற வேலையும் இதே ஈரத்தோடுதான். 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை எடுத்து வெறுமனே 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, ஆனால் அந்தக் காற்று இப்போது மீனிலிருந்து தண்ணீரை உறிஞ்சத் தயாராக இருக்கிறது. உறிஞ்சிய காற்று வெளியே போய்விட வேண்டும், புதுக் காற்று உள்ளே வர வேண்டும். சூடு, காற்றோட்டம் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது டிரையரே கிடையாது. சந்தையில் சூட்டைப் பற்றித்தான் பேசுவார்கள், காற்றோட்டத்தைப் பற்றி நாம்தான் கேட்க வேண்டும்.

இனி டிரையர்கள். மிக எளியது பாலிதீன் கூடாரம். 1970களில் வங்கதேசத்தில் மீனுக்காகவே சோதித்துப் பார்த்த பழைய வடிவம் இது. கம்புகளால் ஒரு கூடாரச் சட்டம், வெயில் படும் பக்கம் கண்ணாடி மாதிரி தெரிகிற பாலிதீன், பின்பக்கமும் தரையும் கறுப்பு ஷீட், நடுவில் வலைத்தட்டு, கீழே காற்று நுழைய வழி, உச்சியில் வெளியேற வழி. உங்களிடம் வலைமேடை ஏற்கெனவே இருந்தால் அதன்மேலேயே இதைக் கட்டிவிடலாம் என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். தூசி, சாம்பல், ஈ, காக்கா, திடீர்த் தூறல் எல்லாவற்றுக்கும் ஒரே தடுப்பு. உள்ளே 45 டிகிரிக்கு மேல் ஏறி அப்படியே சில மணி நேரம் நின்றால் ஈப் புழுக்களும் பிழைப்பது கஷ்டம்.

பாலிதீன் எடுக்கும்போது பசுமைக்குடிலுக்குப் பயன்படுத்துகிற, புற ஊதாக் கதிரைத் தாங்குகிற 200 மைக்ரான் ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பாலிதீன் நம் வெயிலில் சில மாதங்களில் மஞ்சளாகி நொறுங்கிவிடும்.

கூடாரத்தில் இரண்டு பிரச்சினை வரும். ஒன்று, ஈர மீனை நிறையப் போட்டு வழிகளை அடைத்துவிட்டால் ஷீட்டின் உள்பக்கம் வேர்த்து, அந்தத் தண்ணீர் திரும்ப மீன்மேலேயே சொட்டும். உள்ளே வேர்வையைப் பார்த்தவுடன் மேல்வழியைப் பெரிதாகத் திறக்க வேண்டும், அல்லது மீனின் அளவைக் குறைக்க வேண்டும். இன்னொன்று கத்திரி வெயில் சமயத்தில் வருவது. உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தாண்டிவிட்டால் மீன் காயாது, வெந்துவிடும், சதை உதிர்ந்து தூளாகும். இன்னும் மோசமானது, மேல்தோல் மட்டும் சீக்கிரம் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்வது. பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், பத்து நாளில் நாற ஆரம்பிக்கும். முதல் நாள் 45லிருந்து 50 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதமும் காட்டுகிற சின்ன வெப்பமானியை உள்ளே தொங்கவிடுங்கள், அதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை.

காற்றுக்குப் பயந்துதான் கூடாரத்தைக் கட்ட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வடசென்னையை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நிரந்தரமாக அடித்து வைக்காமல், சுருட்டி எடுத்து வீட்டுக்குள் வைக்கிற மாதிரி செய்துகொள்வதே நல்லது.

அடுத்த படி, மின்விசிறி வைத்த பெட்டி டிரையரும், நீளச் சுரங்கம் மாதிரி இருக்கிற டனல் டிரையரும். பாலிகார்பனேட் என்கிற, ஒளி புகும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் கூரை, உள்ளே அடுக்குத் தட்டு, காற்றைத் தள்ள ஒரு சிறிய விசிறி, அந்த விசிறிக்கு ஒரு சிறிய சோலார் பேனல். ஜெர்மனியின் ஹோகன்ஹைம் பல்கலைக்கழகத்தில் உருவான டனல் டிரையர் இந்த வகையில் பெயர் பெற்றது, வங்கதேசத்தில் மீனுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பேனலிலிருந்து நேராக ஓடுகிற விசிறியில் ஓர் அழகு உண்டு. வெயில் ஏறினால் விசிறி வேகம் பிடிக்கும், மேகம் வந்தால் மெதுவாகும், உள்ளே சூடு ஓரளவுக்குத் தானே சமன்படும். கூடாரத்தில் நீங்கள் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத் திறந்து மூடுகிற வேலையில் பாதியை இது எடுத்துக்கொள்ளும். விலை கூடாரத்தைப் போலப் பல மடங்கு.

இந்த வகையிலேயே வெயில் நேராக மீன்மேல் படாத வடிவமும் உண்டு. காற்று ஒரு கறுப்புத் தகட்டறையில் சூடாகி, மூடிய இருட்டுப் பெட்டிக்குள் போகும். நெத்திலிக்கும் காரப்பொடிக்கும் இது தேவையில்லை. ஆனால் மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் உள்ள மீனைக் காயவைக்கிறீர்கள் என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டும். நேர் வெயில் பட்டால் மீன் எண்ணெய் சீக்கிரம் மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிக்கும், மசாலா போட்டு வறுத்தாலும் அந்த வாடை போகாது.

எவ்வளவு பெரிய டிரையர் வேண்டும் என்பதற்கு விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், நாமே போட்டுப் பார்க்கிற கணக்கு இருக்கிறது. சென்னையில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவுக்கு வெயில் சக்தி விழுகிறது. டிரையர் அதில் நூற்றுக்கு 30 பங்கைப் பயன்படுத்தினால் ஒன்றரை யூனிட். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.65 யூனிட் தேவை. ஆக ஒரு சதுர மீட்டர் ஒரு நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் தண்ணீரை எடுக்கும். 10 கிலோ நெத்திலியை 75 சதவீத ஈரத்திலிருந்து 15 சதவீதத்துக்குக் கொண்டுவர 7 லிட்டர் தண்ணீர் போக வேண்டும், அதாவது ஒரே நாளில் முடிக்க மூன்று சதுர மீட்டர் பரப்பு வேண்டும். பத்துக்குப் பத்து அடி மாடி இடத்தில் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் காயாது, மேகம், கழுவும் நேரம், திருப்பிப் போடும் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இருபது இருபத்தைந்து என்று வைத்துக்கொள்வது நியாயம். அலமாரி அளவு டிரையரைக் காட்டி ஒரே நாளில் ஐம்பது கிலோ காயும் என்று யாராவது சொன்னால், அதில் வெயில் தவிர வேறு ஏதோ சக்தி சேர்கிறது என்று அர்த்தம், அது என்ன, மாதம் எவ்வளவு செலவு என்று கேளுங்கள்.

அந்த வேறு சக்தி சேர்ந்ததுதான் கலப்பு டிரையர். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடி தொழில்நுட்ப நிறுவனம் வெயிலோடு மின்சாரம், எல்பிஜி, விறகு என்று ஒவ்வொன்றையும் சேர்த்துப் பல அளவுகளில் இப்படிப்பட்ட டிரையர்களை உருவாக்கியிருக்கிறது. பகலில் வெயில், மேகம் போட்டாலோ இரவானாலோ ஹீட்டரோ கேஸோ தானாகக் கைகொடுக்கும். மீன் பாதி காய்ந்து நிற்கும்போது மூன்று நாள் மழை பிடித்து முழுச் சரக்கும் வீணாகிற கொடுமை இதில் இல்லை. விலை லட்சங்களில் போகும்.

நம்முடைய ஆண்டு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். நல்ல வெயில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும். அதே சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான். வெயில் கொட்டும்போது மீன் குறைவு, விலையும் அதிகம். தடை முடிந்து மீன் குவிகிற ஜூன் பாதிக்கு மேல் வெயில் இருந்தாலும் சாயங்கால இடிமழை ஆரம்பித்துவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் பாதி வரைதான் வெயிலும் மீனும் ஓரளவு ஒத்துப்போகிற காலம், அப்போதும் விடியற்காலைப் பனி இருக்கும். எனவே வெயிலை மட்டும் நம்புகிற டிரையர் வருஷத்தில் நான்கைந்து மாதம்தான் முழுமூச்சாக ஓடும், கலப்பு டிரையர் பத்து மாதம் ஓடலாம். மழைக்காலத்தில் நல்ல கருவாடு வைத்திருப்பவருக்கு விலையும் நன்றாகக் கிடைக்கும். கலப்பு டிரையரை வாங்குவதற்கு ஒரே நியாயம் அந்த மழை மாதங்கள்தான், அப்போது ஓட்டப் போவதில்லை என்றால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

வெயிலே இல்லாமல் மின்சாரத்தில் மட்டும் காயவைத்தால் என்ன ஆகும்? நடைமுறையில் 10 கிலோ பச்சை மீனுக்கு 8 முதல் 10 யூனிட் வரை போகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 64லிருந்து 80 ரூபாய், கிடைப்பது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான கருவாடு, ஆகக் கிலோவுக்கு 22லிருந்து 27 ரூபாய் மின்சாரச் செலவு. நெத்திலிக்கும் இறாலுக்கும் இது தாங்கும், காரப்பொடிக்குத் தாங்காது. மாடியே இல்லாத ஒண்டுக்குடித்தன வீட்டிலிருந்து பாக்கெட் வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சின்ன மின்சார டிரையர் ஒரு வழிதான், நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவே. விறகு சேர்ந்த வகையை நெருக்கமான தெருவுக்கு நான் சொல்லவே மாட்டேன், ஏற்கெனவே நாம் சுவாசிக்கிற புகை போதும்.

இப்போது முதலில் சொன்ன வியாபாரிக் கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் டிரையர் விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

10 கிலோ நெத்திலியில் தண்ணீரைத் தவிர மீதி இரண்டரை கிலோ. வலையில் போட்டு அரைகுறையாக, 35 சதவீத ஈரத்தோடு எடுத்தால் கிடைப்பது 3.85 கிலோ. டிரையரில் 15 சதவீதம் வரை காயவைத்தால் 2.94 கிலோ. உங்கள் வியாபாரி கிலோவுக்கு 300 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அரைகுறைக் கருவாட்டுக்கு 1,155 ரூபாய், நன்றாகக் காய்ந்ததற்கு 882 ரூபாய். நல்ல சரக்குப் போட்டவருக்கு 273 ரூபாய் நஷ்டம். அதே காசு கைக்கு வர வேண்டும் என்றால் நல்ல கருவாட்டுக்குக் கிலோ 393 ரூபாய் கிடைக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விலை. டிரையர் செலவு, ஷீட் மாற்றும் செலவு, ஆள் கூலி எல்லாம் அதற்கு மேல்.

மூட்டைக் கணக்கில் எடுக்கிற வியாபாரி அந்த விலையைத் தர மாட்டார், அவர் எடையைத்தான் பார்ப்பார். ஈரக் கருவாடு கெட்டுப்போகிற நஷ்டத்தை அவர் கடைக்காரர் தலையிலும் கடைக்காரர் வாங்குகிறவர் தலையிலும் கட்டிவிடுவார். இதனால்தான் எங்கள் பக்கம் நன்றாகக் காயவைக்கத் தெரிந்த பெண்கள்கூட அரைகுறையில் எடுக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இந்த விலை முறை மாறாமல் அவர்கள் கையில் ஒரு டிரையரைக் கொடுத்துவிட்டு, சுகாதாரமாகச் செய்யுங்கள் என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

ஆகையால் டிரையருக்கு முன்னால் ஆள் தேடுங்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு நேரடியாகப் பாக்கெட்டாகக் கொடுக்கிறவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், மளிகைக் கடைகள், ஆன்லைனில் வாங்குகிறவர்கள், இவர்களில் மாதம் இருபது முப்பது கிலோ எடுக்கிற மாதிரி கொஞ்சம் பேர் அமைந்துவிட்டால் கூடாரம் சீக்கிரமே தன் விலையைத் திரும்பக் கொடுத்துவிடும். நேரடியாக வாங்குகிற வீட்டுக்காரர்கள் மணல் இல்லாத, தலை கிள்ளிய, காற்றுப் புகாத பாக்கெட்டில் இருக்கிற நெத்திலிக்குக் கூடுதல் விலை தரத் தயங்குவதில்லை. பாக்கெட் போட்டு விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும், தயாரித்த தேதியும் எடையும் அச்சிட வேண்டும், அதை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள்.

எந்த டிரையராலும் திருத்த முடியாத ஒன்று இருக்கிறது. காலை ஏலத்தில் போனது போக மதியம் வரை வெயிலில் கிடந்த மீனைக் குறைந்த விலைக்கு எடுத்துக் கருவாடு போடுகிற பழக்கத்தை விட வேண்டும். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்கிற நச்சு உண்டாகும். சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, வாந்தி என்று வரும். காயவைப்பதாலோ வறுப்பதாலோ அது போகாது. டிரையருக்கு ஒதுக்கின பணத்தில் முதல் பங்கு ஐஸ் பெட்டிக்கும் நல்ல தண்ணீருக்கும் போகட்டும். உப்பும் சுத்தமானதாக இருக்கட்டும், அழுக்குக் கல்லுப்பில் வருகிற ஒருவகை நுண்ணுயிர்தான் உப்புக் கருவாட்டில் சிவப்புத் திட்டாகத் தெரிகிறது.

மானியம் பற்றி. 2020இல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று மானிய விகிதம் வைத்தார்கள். இப்போது எந்தத் திட்டத்தில் டிரையருக்குப் பணம் இருக்கிறது என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும், வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்பது நடக்காத காரியம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய டிரையரை எடுக்காதீர்கள், மீதி 40 சதவீதம் உங்கள் குழுவின் கடன். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நம் பக்கத்தில்தான். டிரையர் அளவு, ஈரப்பதம் பற்றிய சந்தேகங்களை விற்பனையாளரிடம் கேட்பதை விட அங்கே போய்க் கேட்பது மேல்.

எனவே நான் இப்படித்தான் பிரிப்பேன். தனியாக ஐந்து பத்து கிலோ போட்டு வியாபாரிக்கே கொடுக்கிறவர் வலைமேடையும் கொசுவலையும் ஒரு நல்ல தார்ப்பாயும் வைத்துக்கொள்ளட்டும், அதற்கு மேல் ஒரு ரூபாய் போட வேண்டாம். நேரடி வாடிக்கையாளர் கொஞ்சம் பேர் இருக்கிற, மொட்டை மாடி இருக்கிற குடும்பம் பாலிதீன் கூடாரத்துக்குப் போகலாம், எண்ணூர், நெட்டுக்குப்பம் பக்கம் சாம்பல் விழுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு இது ஏறக்குறைய கட்டாயம் என்றே நினைக்கிறேன். வருஷம் முழுக்கப் பாக்கெட் வியாபாரம் ஓடுகிறது, மாதாமாதம் ஆர்டர் திரும்பி வருகிறது, ஆனால் சூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் இல்லை என்றால் விசிறி வைத்த டிரையர். பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்த குழு, மழை மாதங்களுக்கும் ஆர்டர் கையில், மின்சார பில்லை யார் கட்டுவது என்பதும் எழுத்தில் முடிவாகிவிட்டது, அப்போதுதான் கலப்பு டிரையர். இந்தக் கடைசி விஷயத்தைப் பேசி முடிக்காமல் பொதுவில் வாங்கிய இயந்திரங்கள் பூட்டிக் கிடப்பதை மீனவர் குடியிருப்புகளில் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள்.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால் பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மீனை எடுத்துக்கொண்டு போய் ஏற்கெனவே ஓடுகிற ஒரு டிரையரில் போட்டுப் பாருங்கள். போடும்போது எடை, எடுக்கும்போது எடை, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். 10 கிலோ நெத்திலி மூன்று கிலோவுக்குக் கீழே வந்திருக்க வேண்டும், வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். விசிறி கெட்டால் பாரிமுனையிலோ ரிச்சி தெருவிலோ அதே விசிறி கிடைக்குமா, பாலிகார்பனேட் ஷீட்டுக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம், தட்டுகளை வெளியே எடுத்துக் கழுவ முடியுமா, புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை பேர் சேர்ந்து கழற்ற வேண்டும், இந்த நான்கையும் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.